மேற்கோள் கணக்கு: யாருடைய பேரேடு?

1

ஒருவர் நல்ல ஆய்வாளரா என்று கேட்டால் முன்பெல்லாம் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரைச் சொல்வார்கள். பிடிக்காதவர்கள் அந்தப் புத்தகத்தில் இருக்கிற தப்பைச் சொல்வார்கள். இப்போது எண்ணைச் சொல்கிறார்கள். "சாருக்கு எச்-இன்டெக்ஸ் இருபத்திரெண்டு." "அந்த மேடம் ஸ்கோபஸ்ல நாப்பது பேப்பர் போட்டிருக்காங்க." வேலைக்கான நேர்காணல், பதவி உயர்வு, ஆய்வு நல்கை எல்லாவற்றிலும் இந்த எண் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுத்து பின்னால் வருகிறது, பல சமயம் வருவதே இல்லை. உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகிறது. அதில் பெயர் வந்த பேராசிரியருக்குக் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பதும் நடைமுறையாகிவிட்டது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதை அளக்கின்றன, எதை அளக்க மறுக்கின்றன என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்று எழுதுகிற, இயக்கம் நடத்துகிற நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. எது அறிவு, எது அறிவில்லை என்று தீர்மானிக்கிற அதிகாரம் இந்தக் கணக்கின் வழியாகத்தான் இப்போது செயல்படுகிறது. நாம் எழுதுவது அதில் பதிவாவதில்லை. நம் ஊர்கள் மட்டும் ஆய்வுப் பொருளாக அதற்குள் போய்க்கொண்டிருக்கின்றன. பாகூர் கொம்யூனில், கடலூர் போகும் சாலையை ஒட்டிய பிள்ளையார்குப்பத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2008 முதல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஆக, தரவரிசை, மேற்கோள் எண் என்பதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடக்கிற பேச்சு இல்லை. பாகூர் ஏரிப் பாசன ஊர்களுக்குப் பக்கத்திலேயே நடக்கிற காரியம்.

2

மேற்கோள்களை எண்ணும் வழக்கம் ஆய்வாளரை அளப்பதற்காகத் தொடங்கவில்லை. நூலகத்துக்குச் சந்தா கட்டுவதற்காகத் தொடங்கியது. 1927இல் அமெரிக்காவில் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த க்ராஸ் என்ற இருவர் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். சின்னக் கல்லூரி, கையில் கொஞ்சம் காசு. எந்த வேதியியல் இதழ்களை வாங்குவது? ஒரு முக்கியமான இதழில் வந்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளை எடுத்துக்கொண்டு, அவை எந்தெந்த இதழ்களை எத்தனை முறை சுட்டுகின்றன என்று எண்ணினார்கள். அதிகம் சுட்டப்பட்ட இதழை முதலில் வாங்கலாம். அவ்வளவுதான்.

இந்தத் துறையில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1892இல் சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1948இல் இங்கிலாந்தில் நடந்த நூலகர் மாநாடு ஒன்றில், நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்க வேண்டும் என்று சொல்லி அதற்கு 'லைப்ரமெட்ரி' என்று பெயரும் வைத்தார். அவருக்கு அளப்பது வாசகருக்காக. எந்தப் புத்தகம் எங்கே இருந்தால் வாசகர் அலையாமல் எடுக்கலாம், எத்தனை பேர் வேலை பார்த்தால் போதும் என்பன போன்ற கேள்விகள். 1931இல் அவர் வகுத்த நூலக விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுவதற்காக இருக்கிறது என்பதுதான்.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்ட். அமெரிக்க வக்கீல்களிடம் வெகுகாலமாக ஒரு பட்டியல் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டின, ஏற்றனவா, மறுத்தனவா என்று அது சொல்லும். இதையே அறிவியலுக்கும் செய்யலாம் என்று 1955இல் அவர் எழுதினார். 1960களின் முற்பகுதியில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்த அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் அடைவை வெளியிட்டது. ஒரு கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று முன்னோக்கித் தேடலாம். தேடுவதற்கு அருமையான கருவி. ஆனால் வக்கீல் பட்டியலில் இருந்த ஒரு விஷயம் இதில் விடுபட்டுப்போனது. ஏற்றா, மறுத்தா என்ற குறிப்பு. எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது.

இதன் விளைவு எளிது. மறுப்பதற்காகக் காட்டிய மேற்கோளும் ஒன்று, போற்றுவதற்காகக் காட்டியதும் ஒன்று. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாகச் சந்தேகம் கிளப்பி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் 1998இல் லான்செட் ஏட்டில் எழுதிய கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. சுட்டியவர்களில் பெரும்பாலானோர் மறுப்பதற்காகவே சுட்டினார்கள். கணக்குக்கு அது தெரியாது.

கார்ஃபீல்டின் நிறுவனம் 1992இல் தாம்சன் என்ற வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது. 2016 முதல் க்ளாரிவேட் என்ற பெயரில் நடக்கிறது. ஸ்கோபஸ் 2004இல் வந்தது. அதன் முதலாளி எல்ஸ்வியர், ஆய்வு இதழ்களை வெளியிட்டு விற்கிற பெரும் பதிப்பகம். சரக்கு விற்பவரே தராசும் வைத்திருக்கிறார். நம் பல்கலைக்கழகங்கள் சரக்குக்கும் காசு கொடுக்கின்றன, தராசைப் பார்ப்பதற்கும் காசு கொடுக்கின்றன.

3

இனி, எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இதழுக்கு உரியது 'இம்பாக்ட் ஃபாக்டர்', தாக்கக் காரணி. ஒரு இதழ் 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 100 கட்டுரை வெளியிட்டது என்று வைப்போம். அந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளை 2024இல் வந்த கட்டுரைகள் 250 முறை சுட்டின என்றால் 2024க்கான தாக்கக் காரணி 2.5. இது சராசரி. சராசரியின் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து ஏக்கர்க்காரரையும் ஒன்பது கூலியாட்களையும் கூட்டி வகுத்தால் ஆளுக்கு ஒரு ஏக்கர் என்று வரும். நார்வேக்காரரான பெர் செக்லன் 1990களில் தாம் ஆராய்ந்த இதழ்களில் இதைக் காட்டினார். ஒரு இதழ் பெறுகிற மேற்கோள்களில் பாதியை அதன் 15 சதவீதக் கட்டுரைகளே கொண்டுவருகின்றன. ஆக, 'பெரிய இதழில் வந்த கட்டுரை' என்பது அந்தக் கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்டுரையைப் பற்றிச் சொல்லலாம்.

ஆளுக்கு உரியது எச்-இன்டெக்ஸ். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். குறைந்தது 8 முறை சுட்டப்பட்ட கட்டுரைகள் 8 இருந்து, 9 முறை சுட்டப்பட்டவை 9 இல்லை என்றால் அவருடைய எண் 8. வாழ்நாளில் ஐந்தே கட்டுரை எழுதியவர் ஒருவர். அவை முறையே 100, 3, 2, 1, 1 முறை சுட்டப்பட்டன. மூன்றாவது கட்டுரைக்கு மூன்று மேற்கோள் இல்லாததால் அவருடைய எண் 2. இன்னொருவர் எட்டுக் கட்டுரை எழுதினார், ஒவ்வொன்றுக்கும் எட்டு மேற்கோள். அவருடைய எண் 8. முதலாமவருக்கு மொத்தம் 107 மேற்கோள், இரண்டாமவருக்கு 64. துறையையே திருப்பிப் போட்ட ஒரு கட்டுரை எழுதியவரைவிடச் சீராக, அளவாக, அடிக்கடி எழுதுகிறவருக்கே இந்த எண் சாதகம். இது ஒருபோதும் குறையாது. ஆள் செத்த பிறகும் ஏறலாம். மருத்துவத்தில் வேகமாக ஏறும், கணிதத்தில் மெல்ல ஏறும். புத்தகமாக எழுதுகிற வரலாறு, இலக்கியத் துறைகளில் அநேகமாகத் தூங்கும். வேறு வேறு துறைக்காரர்களை இந்த எண்ணால் ஒப்பிடுவது நெல்லையும் மல்லிகையையும் ஒரே மரக்காலில் அளப்பதுபோல.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு சிக்கல் நம்மவர்களுக்கு இருக்கிறது. பெயர். குடும்பப் பெயரை வைத்துத்தான் இந்த அடைவுகள் ஆளை அடையாளம் காண்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான். எஸ். குமார் என்ற பெயரில் எத்தனை குமார்கள்! ஒருவர் எழுதியது இன்னொருவர் கணக்கில் ஏறுகிறது. ஒரே ஆள் 'குமார் எஸ்', 'எஸ் குமார்', 'சுப்ரமணியன் கே' என்று மூன்றாக உடைகிறார். பாகூர்ப் பக்கம் ஒரு பிள்ளையார்குப்பம், வில்லியனூர்ப் பக்கம் இன்னொரு பிள்ளையார்குப்பம். கொம்யூன் பெயர் போடாமல் கடிதம் அனுப்பினால் என்ன ஆகுமோ அதேதான். இதைத் தீர்க்க 2012 முதல் ஆர்க்கிட் என்ற அடையாள எண் தரப்படுகிறது. நம் பெயர் வைக்கும் முறையில் கோளாறு எதுவுமில்லை. வேறொரு சமூகத்தின் பெயர் வழக்கத்தை உலகப் பொது என்று எடுத்துக்கொண்ட பேரேட்டின் கோளாறு அது.

4

எண் தேடுகருவியாக இருந்தவரை பெரிய கேடு இல்லை. கூலியாக மாறியபோதுதான் கதை மாறியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஏ.பி.ஐ. என்ற புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்கில் வாசித்தால் இத்தனை. 2015 செப்டம்பரில் இந்திய மருத்துவக் கழகம் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்ற விதியை இறுக்கியது. முதல் இரண்டு ஆசிரியர்களாகப் பெயர் வந்தால்தான் செல்லும் என்றது. நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மூன்றாவது பெயராக ஆகிவிடக் கூடாதே என்ற கவலையில் பட வேண்டியதாயிற்று. 2016 முதல் தேசியத் தரவரிசைப் பட்டியல் வந்தது. அதில் வெளியீட்டு எண்ணிக்கைக்கும் மேற்கோளுக்கும் மதிப்பெண் உண்டு.

புள்ளி வைத்தால் புள்ளிக்குக் கடை திறப்பார்கள். திறந்தார்கள். பணம் கட்டினால் சில நாளில் கட்டுரை போடும் இதழ்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. தரமான இதழ்கள் என்று மானியக் குழு 2017இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த 1009 இதழ்களைப் புனேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 2018இல் கரண்ட் சயின்ஸ் ஏட்டில் முடிவு வெளியானது. 88 சதவீதம் தேறவில்லை. அந்த ஆண்டு மே மாதம் 4305 இதழ்கள் நீக்கப்பட்டன. பிறகு கேர் என்ற புதுப்பட்டியல். 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. இனி நிறுவனங்களே இதழின் தரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மானியக் குழு சொல்லிவிட்டது. ஏழெட்டு ஆண்டுகளாக இந்தப் பட்டியல்களை நம்பிக் கட்டுரை போட்டவர்கள் நடுவே நிற்கிறார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற விதியும் 2022 நவம்பரில் எடுக்கப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் கடன் வாங்கிப் 'பேப்பர் போட்டார்கள்' என்பது தனிக்கதை.

மேற்கோளையும் உற்பத்தி செய்யலாம். சென்னையிலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரி பற்றி 2023 ஜூனில் சயின்ஸ் ஏடு ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. மாணவர்கள் தேர்வு எழுதுவதுபோலக் கட்டுரை எழுதுகிறார்கள், அவை இதழ்களுக்குப் போகின்றன, அவற்றின் அடிக்குறிப்புகள் அதே நிறுவனத்தின் முந்தைய கட்டுரைகளைச் சரம் சரமாகச் சுட்டுகின்றன என்பது அதன் சாரம். 'இவர்கள் மோசடிக்காரர்கள்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் விளையாட்டின் விதியே இதுதான். புள்ளிக்காக ஆடச் சொல்லிவிட்டு, புள்ளி எடுக்கிறான் என்று குறை சொல்ல முடியாது.

1975இல் சிறைச்சாலையின் வரலாற்றை எழுதிய ஃபூக்கோ, தேர்வு என்ற சடங்கு ஒவ்வொரு மனிதரையும் ஒரு 'கோப்பாக' மாற்றுவதைக் காட்டினார். பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வில் ஆள் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். இன்று ஆய்வாளர் காலையில் எழுந்ததும் தன் எண்ணைப் பார்க்கிறார். யாரும் அவரைக் கண்காணிக்க வேண்டியதில்லை. பத்து ஆண்டு பிடிக்கிற வேலையை அவரே தள்ளி வைக்கிறார். ஒரு ஆய்வை மூன்று துண்டாக வெட்டி மூன்று கட்டுரையாகப் போடுகிறார். யாருக்கும் பிடிக்காத கேள்வியைக் கேட்காமல் விடுகிறார். அதிகாரம் இங்கே தடை போட்டு வேலை செய்வதில்லை. புள்ளி கொடுத்து வேலை செய்கிறது.

5

தமிழுக்கு வருவோம். ஸ்கோபஸ் ஒரு இதழைச் சேர்த்துக்கொள்ளச் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். மேற்கோள் பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். தமிழில் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பது அப்புறம். தமிழ் எழுத்தில் யாரைச் சுட்டினாலும் அந்தச் சுட்டல் அந்த ஏட்டில் ஏறாது. ஒரு மொழியில் நடக்கிற உரையாடல் முழுவதும் சத்தமில்லாமல் பூஜ்யமாகிறது.

இத்தனைக்கும் மேற்கோள் என்பது நமக்குப் புதுச் சரக்கு இல்லை. தொல்காப்பியம் தனக்கு முந்தையவர்களை 'என்ப' என்று பெயர் சொல்லாமல் சுட்டிக்கொண்டே போகிறது. உரையாசிரியர்கள் வரிக்கு வரி பழைய நூல்களை எடுத்துக் காட்டினார்கள். யாப்பருங்கல விருத்தியுரையில் வருகிற பல நூல்கள் இன்று இல்லை. தகடூர் யாத்திரை நமக்குத் தெரிவது நச்சினார்க்கினியர் போன்றோர் காட்டிய மேற்கோளாலும் புறத்திரட்டுத் தொகுப்பாலும்தான். அந்த மேற்கோள்களைத் துருவித்தான் மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற புத்தகத்தையே எழுதினார். அவர் பள்ளிக்கூட ஆசிரியர். நம் மரபில் மேற்கோள் ஒரு நூலின் உயிரைக் காத்தது. எத்தனை முறை என்பது பொருட்டாக இல்லை. ஒரே ஒரு முறை சுட்டப்பட்டதால் பிழைத்த பாட்டுகள் இருக்கின்றன. எச்-இன்டெக்ஸ் கணக்கில் அந்த ஒன்று வெறும் ஒன்றுதான்.

இந்த மரபைக் கொண்டாடிவிட்டு நிறுத்திவிட முடியாது. பெயர் சொல்லாமல் சுட்டுவது பணிவாகவும் இருக்கலாம், விழுங்குவதாகவும் இருக்கலாம். 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டாமல் பழந்தமிழில் ஒரு ஆய்வும் நடக்காது. 1926 முதல் அதற்குப் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளையையும் அங்கே உழைத்த பண்டிதர்களையும் எத்தனை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் பார்த்திருக்கிறோம்? ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதைக் கவனித்தார். ஒரு படைப்பு எல்லோருடைய அறிவிலும் கரைந்துவிட்டால் அதன் ஆசிரியர் பெயர் சொல்லப்படாமல் போகிறது. அதிகம் பயன்பட்டதே குறைவாக எண்ணப்படுகிறது. புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேர்கிறது என்று 1968இல் 'மத்தேயு விளைவு' பற்றி எழுதியவரும் இவர்தான். அந்தக் கட்டுரை ஹாரியட் சக்கர்மன் என்ற பெண்ணின் ஆய்வுப் பேட்டிகளை வைத்தே எழுதப்பட்டது. அதில் அவர் பெயரும் சேர்ந்து வந்திருக்க வேண்டும் என்று பின்னாளில் மெர்ட்டனே ஒப்புக்கொண்டார். விதியைக் கண்டுபிடித்த கட்டுரையே விதிக்கு உதாரணமானது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் அயோத்திதாசர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, பெயர் 'தமிழன்' என்று சுருங்கிய பிறகும் 1914இல் இறக்கும்வரை வாராவாரம் எழுதினார். வரலாறு, பௌத்தம், சாதி, இலக்கியம் என்று எல்லாவற்றையும் புரட்டிப் போட்ட எழுத்து. கோலார் தங்கவயல் தமிழ்ப் பௌத்தர்கள் அவர் எழுத்தைப் பதிப்பித்துப் படித்துக் காத்தார்கள். கல்வித்துறையும் நம் முற்போக்கு எழுத்தும் வெகுகாலம் அவரை அநேகமாகச் சுட்டவே இல்லை. 1990களின் தலித் எழுச்சியும், ஞான. அலாய்சியஸ் 1999இல் கொண்டுவந்த தொகுப்பும் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1980இல் ஒரு குழு உட்கார்ந்து அவருடைய மேற்கோள் எண்ணைக் கணக்கிட்டிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்தப் பூஜ்யம் யாரை அளந்தது? அயோத்திதாசரை அளக்கவில்லை. அவரைப் பேசாமல் இருந்த ஒரு அறிவுச் சமூகத்தை, அதன் சாதியை அளந்தது.

இதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. மேற்கோள் எண் பொய் சொல்வதில்லை. ஆளைப் பற்றிச் சொல்வதாக நாம் நினைப்பதுதான் பொய். எந்த வட்டத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள், யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

6

அப்படியென்றால் எண்ணுவதையே விட்டுவிடலாமா? கூடாது. கேள்வியைத் திருப்பிக் கேட்டால் அதே எண் நம் பக்கம் பேசும்.

இதற்கு நம் பகுதியோடு தொடர்புடைய ஒரு ஆளே சான்று. இந்திய அறிவியலின் வெளியீடுகளையும் மேற்கோள்களையும் வெகுகாலம் ஆராய்ந்தவர் சுப்பையா அருணாசலம். காசநோய், நீரிழிவு இரண்டையும் எடுத்துக்கொண்டு 2002இல் சக ஆய்வாளரோடு சேர்ந்து கரண்ட் சயின்ஸில் எழுதினார். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறையக் கால்வாசிப் பேர் இந்தியாவில். உலகக் காசநோய்க் கட்டுரைகளில் இந்தியாவின் பங்கு அதற்குக் கொஞ்சமும் ஈடில்லை. இங்கே எண் எந்தப் பேராசிரியரையும் அடிக்கவில்லை. ஒரு நாடு தன் ஏழைகளின் நோயைப் பற்றி எவ்வளவு குறைவாக யோசிக்கிறது என்று காட்டியது.

அதே அருணாசலம் பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. அந்தத் திட்டத்தைப் பற்றி உலகெங்கும் எழுதியவர்களில் அவரும் ஒருவர். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர் முடிவு செய்துகொண்டார். அறிவியலின் 'தாக்கம்' என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். கேட்டுவிட்டுப் படகைக் கரையில் நிறுத்திய மீனவர் அடிக்குறிப்பு எழுதவில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் சுற்றுவட்டாரத்தில் களப்பணி செய்கின்றன. நம் மக்களின் ரத்த அழுத்தம், சர்க்கரை, பிள்ளைகளின் எடை கட்டுரைகளாகின்றன. இதில் நன்மையும் இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டுரையில் ஊர் 'கிராமப்புறப் புதுச்சேரி' என்று பெயர் இழக்கிறது. கட்டுரைக்கு மேற்கோள் வருகிறது, எழுதியவருக்குப் புள்ளி வருகிறது, நிறுவனத்துக்குத் தரவரிசை வருகிறது. கையை நீட்டி ரத்தம் கொடுத்த அம்மாவுக்கு, 'உங்க ஊர்ல இத்தனை பேருக்கு இது இருக்கு, இதுக்கு இதைச் செய்யணும்' என்று தமிழில் வந்து சொல்லும் வேலைக்கு எந்த ஏட்டிலும் புள்ளி இல்லை. அதைச் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். புள்ளிக்காகச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பாகூருக்கு இது புதிதும் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. புதுச்சேரியில் அன்றே பல்கலைக்கழகம் இருந்தது என்று இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். செப்பேடு ஊர்களையும் எல்லைகளையும் கணக்காகச் சொல்கிறது. அங்கே படித்தவர்கள் எத்தனை நூல் செய்தார்கள் என்று சொல்லவில்லை. அறிஞரை எண்ணாத காலம் என்று ஏங்கலாம். ஏங்குவதற்கு முன்னால், அந்த மூன்று ஊரிலும் உழுதது யார், உள்ளே உட்கார்ந்து ஓதியது யார் என்று கேட்க வேண்டும். யாருடைய விளைச்சலில் யாருடைய கல்வி என்ற கேள்வி செப்பேட்டுக்கும் உண்டு, ஸ்கோபஸுக்கும் உண்டு.

7

எண்ணுக்கு எதிர்ப்பு அறிவியலாளர்கள் நடுவிலேயே எழுந்திருக்கிறது. 2012இல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் கூடி உருவாக்கிய பிரகடனம், இதழின் தாக்கக் காரணியை வைத்து ஆளை மதிப்பிடக் கூடாது என்றது. 2015இல் வந்த லைடன் அறிக்கை பத்து நெறிகளைச் சொன்னது. உள்ளூருக்குப் பயன்படுகிற, உள்ளூர் மொழியில் நடக்கிற ஆய்வைக் காக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இவற்றை வைத்துக்கொண்டு இங்கே கேட்கக்கூடியவை சில உண்டு.

ஒன்று, வேலைக்கோ பதவி உயர்வுக்கோ வருபவர் தன் எழுத்தில் மூன்றைத் தேர்ந்து கொடுக்கட்டும். குழு அவற்றைப் படித்துவிட்டு வரட்டும். படித்ததற்குச் சான்றாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இரண்டு, ஊரில் எடுத்த ஆய்வின் முடிவைத் தமிழில் அந்த ஊருக்குச் சொல்வது நல்கையின் நிபந்தனையாக வேண்டும். கொம்யூன் பஞ்சாயத்தும் அந்த ஊர் இயக்கங்களும் இதைக் கேட்கலாம். மூன்று, தமிழ் எழுத்தில் இருக்கிற மேற்கோள்களுக்குத் தமிழிலேயே ஒரு பொது அடைவு வேண்டும். ஆட்களுக்கு மதிப்பெண் போட அல்ல. யார் எதை எங்கே சொன்னார்கள் என்று தேடிக் கண்டெடுக்க. கார்ஃபீல்ட் முதலில் செய்ய நினைத்ததும், ரங்கநாதன் விரும்பியதும் அதுதான். நா. வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' போன்ற இதழ்களுக்கு அப்படியொரு அடைவு இருந்தால் பாதி முனைவர் பட்ட ஆய்வேடுகளின் 'புதிய கண்டுபிடிப்புகள்' பழையவை என்று தெரிந்துபோகும்.

நான்காவது நமக்கு. சிறுபத்திரிகைக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். ஃபூக்கோவுக்கும் தெரிதாவுக்கும் பெயர் போடுகிறோம். பக்கத்து ஊர் நண்பர் பத்து ஆண்டுக்கு முன்னால் ஒரு உருட்டச்சு இதழில் சொன்னதை எடுத்தாளும்போது பெயர் விட்டுப்போகிறது. கூட்டத்தில் ஒரு பெண் பேசியது அடுத்த மாதம் ஒரு ஆணின் கட்டுரையாக வருகிறது. இதுவும் ஒரு மேற்கோள் அரசியல்தான். பெரிய பேரேடு நம்மை விட்டுவிட்டது என்று குறை சொல்கிற நாம், நம் சின்னப் பேரேட்டில் யாரை விட்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். அதற்கு எச்-இன்டெக்ஸ் தேவையில்லை. அடிக்குறிப்பில் ஒரு வரி போதும்.